கடல் கடந்த போரும் டீக்கடைப் பெஞ்சும்

நம் கல்லூரியில் படித்துவிட்டுப் பத்திரிகை வேலைக்குப் போனவன் நான். வெளிநாட்டுச் சண்டையை நம்ம ஊர் வாசகனுக்கு எப்படி எழுதுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம், கல்லூரிக்குப் பெயர் தந்த சி. பா. ஆதித்தனார் அய்யாவைத்தான் நினைத்துக்கொள்வேன். மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். அதையே எழுதுகிறேன்.

திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் 1905 செப்டம்பர் 27ல் பிறந்தவர். திருச்சியில் கல்லூரி, லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, அப்புறம் சிங்கப்பூரில் வக்கீல் தொழில். நல்ல வருமானம். உலகப்போர் வந்தது, ஊர் திரும்பினார். 1942 நவம்பர் 1ல் மதுரையில் 'தினத்தந்தி' பிறந்தது.

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. பர்மாவில் இருந்து நம் ஜனங்கள் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம். யுத்தத்தில் இங்கிலாந்துக்குக் கை கொடுப்பதா, கூடாதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. அடுத்த வருஷம் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும் மலேயாத் தோட்டத் தமிழர்கள் அவர் படையில் சேர்ந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரிட்டிஷ் பட்டாளத்திலும் தம்பி அந்தப் படையிலும் இருக்கக்கூடிய காலம். பத்திரிகைகளுக்கோ அரசாங்கத் தணிக்கை. எழுத வேண்டியதை எழுத முடியாது. எழுதாமலும் இருக்க முடியாது.

காகிதமும் கிடைக்கவில்லை. வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்து பார்த்தார் என்று சொல்லுவார்கள்.

அய்யா அன்றைக்குக் கண்ட வழி எளிமையானது. போர்ச் செய்தி என்றால் ராஜதந்திரம், ஒப்பந்தம் என்று படித்தவனுக்கு மட்டும் எழுதும் பழக்கம் இருந்தது. அவரோ டீக்கடையில் ஒருத்தர் படிக்கப் பத்துப் பேர் கேட்கிற தமிழில் எழுதச் சொன்னார். ஜனங்கள் பேசுகிற சொல், ஆனால் கொச்சை இல்லாமல். சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு. பின்னால் 'இதழாளர் கையேடு' என்று புத்தகமே போட்டார். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். (அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தந்தி வந்தாலே பொம்பளைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெயரைத் துணிந்து பத்திரிகைக்கு வைத்தார் பாருங்கள்!)

இலங்கை விஷயம் வேறு. தூத்துக்குடிக் கரைக்குக் கொழும்பு வெளிநாடே இல்லை. கடை, கணக்கு, சம்பந்தம் எல்லாம் அங்கேயும் உண்டு. 1956ல் சிங்களம் மட்டும் சட்டம், 1958ல் கலவரம். அதே 1958ல் அய்யா 'நாம் தமிழர்' இயக்கம் கண்டார். இலங்கைத் தமிழ்ப் பகுதியையும் சேர்த்துத் தனித் தமிழ்நாடு கேட்டார். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 தோட்டத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்று டெல்லியும் கொழும்பும் முடிவு செய்தபோது, அந்த ஜனங்களைக் கேட்டவர் யார்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்சித் தலைவரும் பத்திரிகை முதலாளியும் ஒருத்தரே என்றால், செய்தியில் இரண்டாவது பக்கத்துக்கு இடம் குறையத்தான் செய்யும். சிங்களக் கிராமத்து ஏழை என்ன நினைத்தான் என்று இந்தக் கரையில் இருந்த நமக்கு எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் அதிகம் சொன்னதில்லை. ஆனால் அடிபட்டவன் பெயரையும் ஊரையும் முதலில் போடு என்கிற புத்தியை நான் அய்யாவின் வழியில்தான் கற்றேன். ராய்ட்டர் தந்தியில் எண்ணிக்கை வரும், ஆள் வரமாட்டான்.

1967ல் இயக்கத்தைத் தி.மு.க.வில் இணைத்தார், சட்டமன்றத் தலைவரானார், பிறகு அமைச்சர். 1981 மே 24ல் காலமானார். ஒரு வாரம் கழித்து, மே 31 இரவு, யாழ்ப்பாணம் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். அந்தச் செய்திக்குத் தலைப்புப் போட அவர் இல்லை.