சுடரின் கதை சொன்னவர்

நுழையும்முன்

மைக்கேல் ஃபாரடே என்னும் பெயரை மாணவர்கள் இயற்பியல் நூலில் கண்டிருப்பர். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவர். மின்தேக்குத்திறனின் அலகான ஃபாரடும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் குளிர்காலந்தோறும் சிறுவர் சிறுமியரைத் தம் முன் அமர்த்தி, அறிவியலை ஒரு விளையாட்டுப்போல விளக்கிக்காட்டிய ஃபாரடேயைப் பலர் அறியார். அந்த ஆசிரியரின் வாழ்வே இப்பாடமாக அமைகிறது.

அரங்கில் ஒரு முதியவர்

1860ஆம் ஆண்டின் இறுதி நாள்கள். இலண்டன் மாநகரில் கிறித்துமசு விடுமுறைக்காலம். அங்கு அம்மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் கவியத் தொடங்கிவிடும். ஆல்பிமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தின் அரங்கு நிறைந்திருந்தது. பெரியோர் பலர் வந்திருந்தும் அன்றைய உரை அவர்களுக்கானதன்று. அறுபத்தொன்பது வயது நிரம்பிய ஃபாரடே, சிறுவர்களை நோக்கியே பேசத் தொடங்கினார். தாமும் ஒரு சிறுவனாகவே இருந்து உரையாடும் உரிமையை அவையிடம் வேண்டிப் பெற்றுக்கொண்டார். அவர் முன்னிருந்த மேசையில் சில மெழுகுவர்த்திகள் இருந்தன. ஆறு உரைகளுக்கும் அதுவே பொருள்.

மின்சாரத்தைப் பற்றிப் பேச அவரினும் தகுதியுடையார் அன்று உலகில் இலர். அவரோ எல்லார் வீட்டிலும் எரியும் மெழுகுவர்த்தியைத் தேர்ந்தெடுத்தார். இப்பொருளைப் பற்றி 1848ஆம் ஆண்டிலேயே ஒருமுறை சிறுவர்களுக்கு உரையாற்றியிருந்தார். பழைய பொருளையே மீண்டும் எடுத்துக்கொண்டதில் அவருக்குத் தயக்கம் ஏதும் இல்லை. இயற்கையை ஆராயும் விதிகளுள் பெரும்பாலானவை அச்சிறு சுடருக்குள் அடங்கியுள்ளன என்பது அவர் துணிபு.

கொல்லர் மகன்

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஃபாரடே கொல்லர், நோயாளி. 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு முழு ரொட்டிதான் கிடைத்தது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வீடுவீடாகச் செய்தித்தாள்களைக் கொண்டுசென்று கொடுத்தார். மறு ஆண்டே நூல் கட்டும் தொழிலைக் கற்கும் பயிற்சியாளர் ஆனார். ஏழாண்டுகள் அத்தொழிலில் கழிந்தன. கட்டுவதற்கு வந்த நூல்களை இரவில் அவர் படித்தார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரை ஈர்த்தது. ஜேன் மார்செட் என்னும் பெண்மணி, ஆசிரியையும் மாணவியரும் உரையாடும் முறையில் எழுதிய வேதியியல் நூலும் அவ்வாறே கைக்கு வந்தது. அந்நூலிற் கண்ட சோதனைகளைத் தம் சிறு வருவாய்க்குள் அடங்கிய பொருள்களைக்கொண்டு செய்துபார்த்து, அவை மெய்யென அறிந்த பின்னரே நம்பினார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற நிலையிலும் அப்பெண்மணியைத் தம் முதல் ஆசிரியராகவே போற்றினார். எளியோருக்கென எழுதப்பட்ட ஒரு நூல் அவரை உருவாக்கியது என்பதை ஈண்டு நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

மாலை நேரங்களில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் அறிவியல் உரைகள் நிகழ்த்திவந்தார். ஓர் உரைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லுத்தொழில் செய்துவந்த அண்ணன் இராபர்ட், அக்காசைத் தம்பிக்குக் கொடுத்து உதவினார்.

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய உரைகளுக்கு நுழைவுச்சீட்டுகளை ஃபாரடேக்கு அளித்தார். அரங்கின் மேல்மாடத்தில், கடிகாரத்திற்கு மேலே அமர்ந்து அவர் நான்கு உரைகளைக் கேட்டார். கேட்டவற்றைப் படங்களுடன் விரித்தெழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டினார். வேலை வேண்டி ராயல் சொசைட்டியின் தலைவருக்கு முதலில் எழுதிய கடிதத்திற்கு விடை வரவில்லை. கட்டிய நூலை டேவிக்கு அனுப்பினார். அவர் விடையளித்தார். 1813ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் ஃபாரடே அந்நிறுவனத்தின் ஆய்வகத்தில் உதவியாளராக அமர்த்தப்பட்டார். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன.

அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். ஆம்பியரையும் வோல்டாவையும் நேரிற்காணும் பேறு அவருக்கு வாய்த்தது. எனினும் அப்பயணத்தில் பணியாளர் செய்யும் வேலைகளையும் அவரே செய்ய நேர்ந்தது. டேவியின் துணைவியார் அவரைப் பணியாளராகவே நடத்தினார்.

பேசக் கற்றல்

ஃபாரடேயின் கண்டுபிடிப்புகளை அறிவியல் பாடத்தில் விரிவாகக் காணலாம். இங்குச் சிலவற்றைச் சுட்டினாலே போதும். 1821இல் மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். 1825இல் பென்சீனைக் கண்டறிந்தார். 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றில் சுற்றப்பட்ட இரு கம்பிச்சுருள்களுள் ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கியும் நிறுத்தியும் மற்றொன்றில் மின்னோட்டம் எழுவதைக் கண்டார். இன்றைய மின்மாற்றியும் மின்னியற்றியும் அவ்வாண்டுச் சோதனைகளின் வழித்தோன்றல்களே.

அறிவிற் சிறந்தோர் யாவரும் நன்கு கற்பிப்பர் என்பது பொதுவான எண்ணம். வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நின்றவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். ஃபாரடேயும் ஏற்கவில்லை. பேசும் கலையைத் தனியே கற்கவேண்டும் என அவர் கருதினார். இருபத்திரண்டாம் வயதிற்குள்ளாகவே, பிறர் நிகழ்த்தும் உரைகளைக் கேட்டு அவற்றின் நிறைகுறைகளையும், அரங்கின் காற்றோட்டத்தையும், கேட்போர் எத்துணை நேரம் ஊன்றிக் கேட்பர் என்பதையும் நண்பர் ஒருவருக்குக் கடிதங்களில் எழுதினார். பின்னர்ப் பேச்சுக்கலை ஆசிரியரான பெஞ்சமின் ஸ்மார்ட்டிடம் பணம் கொடுத்துப் பயின்றார். உரையாற்றும்போது விரைந்துவிடும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டை ஒன்றும், நேரம் முடிவதை உணர்த்தும் அட்டை ஒன்றும் அவர் கண்ணில் படுமாறு வைக்கப்பட்டன.

சிறுவர்களுக்கான கிறித்துமசு உரைகளை அந்நிறுவனம் 1825ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அக்காலப் பெரும்பள்ளிகள் இலத்தீனையும் கிரேக்கத்தையும் முதன்மையாகக் கற்பித்தன. அறிவியலுக்கு அங்கு இடம் மிகக் குறைவு. ஃபாரடே 1827இல் முதன்முறையாக அவ்வுரைகளை நிகழ்த்தினார். அப்பணியை அவர் மொத்தம் பத்தொன்பது முறை ஏற்றார். 1855ஆம் ஆண்டில் உலோகங்களின் பண்புகள் பற்றி அவர் பேசியபோது, அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட், தம் மைந்தர் இருவரையும் அழைத்துவந்து முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். அக்காட்சி ஓவியமாகவும் தீட்டப்பட்டது. நாளிதழ் சுமந்த சிறுவன் எளியோர் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, பட்டத்து இளவரசனுக்கும் அன்று ஆசிரியரானான்.

சுடருக்குள் நுழைதல்

மெழுகுவர்த்தி உரைகளின் சிறப்பு அவற்றின் வரிசைமுறையில் உள்ளது. எரியும் மெழுகுவர்த்தியின் உச்சியில் ஒரு சிறு கிண்ணம் உண்டாவதைச் சிறுவர்களுக்கு முதலில் சுட்டிக்காட்டினார். சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது. கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று மெழுகின் விளிம்பைக் குளிர்விக்கிறது. ஆதலால் நடுப்பகுதி உருகியும் விளிம்பு உருகாமலும் நிற்கிறது. வேலைப்பாடு மிகுந்த அழகிய மெழுகுவர்த்திகளில் இக்கிண்ணம் ஒழுங்காக அமைவதில்லை. மெழுகு வழிந்தோடி வீணாகிறது. பார்வைக்கு அழகியது பயனுக்குச் சிறந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பதை ஒரு மெழுகுவர்த்தியைக்கொண்டே அவர் காட்டிவிட்டார். 1782இல் கடலில் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட மெழுகுவர்த்தி ஒன்றையும் ஏற்றிக்காட்டினார். நெடுங்காலம் உவர்நீரில் கிடந்தும் அது நன்றாக எரிந்தது.

உருகிய மெழுகு திரியின்வழி எவ்வாறு மேலேறுகிறது? இதற்கு உப்பைத் தூண்போல் குவித்து, அடியில் நீலநிறம் ஊட்டிய உப்புக்கரைசலை ஊற்றினார். நீலம் மெல்ல மேலேறுவதை அனைவரும் கண்டனர். நுண்புழை ஏற்றம் என்பது இதற்குரிய கலைச்சொல்.

அடுத்து, எரிவது மெழுகா, மெழுகின் ஆவியா என்னும் வினா எழுந்தது. சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்தார். மறுமுனையில் வெளிவந்த ஆவியைப் பற்றவைத்தார். அங்கும் ஒரு சுடர் எரிந்தது. அணைத்த மெழுகுவர்த்தியின் திரியிலிருந்து எழும் புகைக்கோட்டில் தீக்கொழுந்தைக் காட்டினால், தீ அக்கோட்டின்வழி இறங்கித் திரியைப் பற்றுவதும் இதனாலேயே. இச்சோதனையை ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் எளிதிற் செய்துபார்க்கலாம்.

எரிந்த மெழுகு எங்கே போயிற்று என்பதே உரைகளின் மையம். பனிக்கட்டியும் உப்பும் நிரம்பிய கலத்தைச் சுடருக்கு மேலே பிடித்தார். அதன் அடிப்புறத்தில் நீர்த்துளி திரண்டது. அது நீரே என்பதைப் பொட்டாசியம் தீப்பற்றியதைக்கொண்டு மெய்ப்பித்தார். நெருப்பிலிருந்து நீர் பிறக்கும் இவ்வியப்பைச் சிறுவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். சுடரிலிருந்து எழும் மற்றொரு விளைபொருள், தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்தது. பின்னர் அதே சுண்ணாம்பு நீரில் தம் மூச்சை ஊதினார். அதுவும் வெளுத்தது. நாம் உண்ணும் உணவிலுள்ள கரிமம், நாம் இழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, சுடரில் உண்டாகும் அதே கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது. அதனைச் செடிகொடிகள் ஏற்றுக்கொள்கின்றன. மேசைமீது எரிந்த மெழுகுவர்த்தியையும் எதிரே அமர்ந்திருந்த குழந்தையின் மூச்சையும் காட்டிலுள்ள மரத்தையும் அவர் ஒரே கோட்டில் இணைத்தார். அவ்விணைப்பிற்கு வருவதற்காகவே முந்தைய உரைகள் யாவும் படிப்படியாக அமைக்கப்பட்டிருந்தன.

மறதியோடு ஒரு போராட்டம்

இத்துணைத் தெளிவாகப் பேசியவர், அக்காலத்தில் நினைவாற்றலை இழந்துகொண்டிருந்தார் என்பதை அரங்கில் இருந்த சிறுவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1839ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. 1841இல் ஓய்வுக்காகச் சுவிட்சர்லாந்து சென்றார். பின்னர் ஆய்விற்குத் திரும்பினாலும் மறதி முற்றும் நீங்கவில்லை. தம் ஆய்வுக்குறிப்புகளைப் பத்திபத்தியாக எண்ணிட்டு எழுதும் பழக்கம் முன்னரே அவருக்கு இருந்தது. அது இப்போது பெருந்துணையாயிற்று. வருவாய் தரும் பணிகள் பலவற்றையும் விருந்துகளையும் விலக்கினார். வீரத்திருத்தகைப் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார்.

சிறுவர்களுக்கான உரையை மட்டும் அவர் விலக்கவில்லை. இடையிடையே நிகழ்த்திவந்த அவ்வுரைகளை 1851 முதல் 1860 வரை ஆண்டு தவறாமல் தொடர்ந்து நிகழ்த்தினார். அதாவது, நினைவு தளர்ந்த பத்தாண்டுகளிலேதான் அப்பணியை அவர் மிகுதியாகச் செய்தார். அவருக்கும் மனைவி சாராவுக்கும் குழந்தைகள் இல்லை. ஆண்டின் இறுதியில் அரங்கை நிறைத்த பிள்ளைகள் அக்குறையைத் தீர்த்தார்களா என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

1860ஆம் ஆண்டின் மெழுகுவர்த்தி உரைகளே இறுதி உரைகளாயின. அவற்றை வேதியியல் அறிஞர் வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில், இனி அவ்வுரைகளை நிகழ்த்த இயலாது என ஃபாரடே நிறுவனத்திற்குத் தெரிவித்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் தம் குறிப்பேட்டில் 16,041ஆம் பத்தியை எழுதினார். ஒளியின் நிறமாலையைக் காந்தம் மாற்றுகிறதா என்று பார்த்த சோதனை அது. மாற்றம் ஏதும் தென்படவில்லை. அவர் தேடிய விளைவை 1896இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சீமன் கண்டார். அதே 1862ஆம் ஆண்டில், பள்ளிகளை ஆராய்ந்த அரசுக்குழுவின் முன் தோன்றி, அறிவியல் சிறுவயது முதலே கற்பிக்கப்பட வேண்டும் என வாதிட்டார்.

அரசி அளித்த ஹாம்டன் கோர்ட் இல்லத்தில், 1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் உயிர் பிரிந்தது. ஹைகேட் இடுகாட்டில் உள்ள எளிய கல்லறைக் கல்லில் அவர் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன.

கிறித்துமசு உரைகள் இன்றும் நடைபெற்று வருகின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1939 முதல் 1942 வரை மட்டும் அவை தடைப்பட்டன. 1966 முதல் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. அறிவியலறிஞர் கார்ல் சேகன் 1977இல் அங்கே கோள்களைப் பற்றிப் பேசினார். நூல்கட்டும் இளைஞர் ஒருவர் கடிகாரத்திற்கு மேலே அமர்ந்து குறிப்பெடுத்த அதே அரங்கில், டிசம்பர் மாதம் தோறும் பிள்ளைகள் வந்து அமர்கின்றனர்.