எந்திரத்துக்கும் கல்வி கண்ட ஆலன் டூரிங்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனித் திங்களில்தான் தென்காசி வட்டாரக் கல்லூரிகளுக்குப் புதிய மாணவர் வந்து சேர்கின்றனர். மனித மூளையின் மாதிரியைக் கணிப்பொறியில் அமைக்கலாம் எனக் கருதிய ஆலன் டூரிங் பிறந்ததும் அத்திங்களிலேயே. 1912 ஜூன் 23. பிறந்த நகர் இலண்டன் எனினும், அவர்தம் அன்னையார் பிறந்தது நம் போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் சென்னை இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளர். தந்தையார் சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர். பெற்றோர் இங்கிருக்க, சிறுவர் ஆலன் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தார்.

படிப்படியான கட்டளைகளாக எழுதத்தக்க எக்கணக்கையும் செய்யவல்ல பொது எந்திரம் ஒன்றை அவர் 1936இல் கருத்தளவில் படைத்தார். இன்றைய கணிப்பொறிக்கு அடிப்படை அதுவே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் மறைமொழியை உடைத்த அறிஞர்களுள் முதன்மை பெற்றார்.

போர் முடிந்தபின் அவர் சிந்தனை மூளையை நாடியது. குழந்தையின் மூளை பயிற்சியாலன்றோ ஒழுங்கு பெறுகிறது! அங்ஙனமே, நரம்பணுக்களை ஒத்த எளிய உறுப்புகளை ஒழுங்கின்றிப் பிணைத்து, உழவர் மடைகளைத் திறந்தும் அடைத்தும் சிற்றாற்று நீரை வயலுக்குச் செலுத்துவதுபோல், இணைப்புகளைத் திறந்தும் அடைத்தும் எந்திரத்தைப் பயிற்றலாம் என 1948இல் அறிக்கை வரைந்தார். அவர் பணிபுரிந்த ஆய்வகத்தின் தலைவரோ, பரிணாமக் கொள்கை கண்ட டார்வினின் பெயரன். அவர் அவ்வறிக்கையைப் பள்ளி மாணவன் கட்டுரையளவே மதித்தார். அது அச்சேறவில்லை.

தன்பாலுறவைக் குற்றமாகக் கொண்ட அந்நாட்டுச் சட்டம் 1952இல் டூரிங்கைத் தண்டித்தது. 1954 ஜூன் 7இல், 41ஆம் வயதில், சயனைடு நஞ்சால் அவர் உயிர் நீத்தார். அரச மன்னிப்பு வந்தது 2013இல். அறிக்கை அச்சேறியது 1968இல். அதற்குள் பிறர் அவ்வழியைத் தாமே கண்டறிந்து நெடுந்தொலைவு நடந்திருந்தனர். செயற்கை நரம்புப் பின்னல்களை வளர்த்த ஹாப்ஃபீல்டு, ஹின்டன் இருவரும் 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

பாடநூலில் இல்லாத கருத்தைக் கண்டவுடன் சிவப்பு மையால் அடித்த நாள்கள் ஆசிரியராகிய நமக்கும் உண்டு. டூரிங் வாழ்க்கையைப் படிக்கையில் அந்த மை நம் விரலிலேயே ஒட்டியிருப்பதாகத் தோன்றுகிறது. மாணவச் செல்வங்களே, அஞ்சாது எழுதுங்கள். முழுதும் படித்துணர்ந்த பின்னரே நாம் பேனாவை எடுப்போம்.