ரொனால்டு ராஸும் பெயரறியாத் துணைவரும்

குளிர்சுரம் என நம் நாட்டார் வழங்கும் மலேரியாவைக் கொசுவே பரப்புகின்றது என்பதை இன்று சிறுவரும் அறிவர். 1897-ம் ஆண்டுக்கு முன்னரோ, சதுப்பு நிலத்தினின்றெழும் தீய காற்றே அந்நோய்க்குக் காரணமெனப் பலரும் கருதியிருந்தனர். உண்மையை மெய்ப்பித்த ரொனால்டு ராஸ் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

இவர் 1857-ம் வருடம் மே மாதம் 13-ந் தேதி இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். இவருள்ளம் கவிதையையும் ஓவியத்தையுமே நாடிற்று. படைத்தலைவராகிய தந்தையாரின் விருப்பத்திற்கிணங்கியே லண்டனில் மருத்துவம் பயின்றார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் தம் சாளரத்தருகேயிருந்த நீர்த்தொட்டியிற் கூத்தாடிப் புழுக்கள் நெளியக் கண்டு அதனைக் கவிழ்த்தனர், கொசுத்தொல்லை குறைந்தது. உணவுக்கூடத்துப் பூச்சாடிகளையும் அவ்வாறே செய்யவேண்டுமெனக் கேட்டபோது, அஃது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகுமெனப் படை அதிகாரியொருவர் மறுத்தனராம். இத்தகைய அதிகாரிகள் எக்காலத்தும் உளர் போலும்!

லண்டனில் மான்ஸன் என்னும் அறிஞர் 1894-ல் காட்டிய நெறியைப் பற்றி, மறுவருடம் சிக்கந்தராபாத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். ஈராண்டுகள் எண்ணிறந்த கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. அவையெல்லாம் மலேரியாவைச் சுமவாத இனங்கள். அந்நாளில், சிறகிற் புள்ளிகளும் தூக்கிய வாலுமுடைய வேறோரினக் கொசு சுவரில் அமர்ந்திருப்பதை மருத்துவமனை உதவியாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். புழு திரட்டும் பணியாளொருவர் ஒரு புட்டியிற் கொணர்ந்த புழுக்களிலிருந்தும் அவ்வினமே வெளிவந்தது. ஹுசேன் கான் என்னும் நோயாளி, கொசுவொன்றுக்கு ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு தம் உடலைக் கடிக்க விட்டார். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி, அக்கொசுவொன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமிக்குரிய கருநிறத் துகள்களை ராஸ் கண்டார்.

அவ்வுதவியாளரின் பெயரைத் தாம் மறந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் ராஸே வருந்துகின்றார். நோபெல் பரிசு 1902-ல் ராஸுக்கு வந்தது. சுவரைப் பார்த்த கண் யாருடையதென்று நாம் இனி அறியோம். இதனை எண்ணுந்தோறும் எமக்கு மனம் அமைதியுறுவதில்லை.

எனினும், பலர் கண்ணும் கையும் இன்றிக் கொசுவை வெல்லுதல் அரிது என்பதை ராஸ் மறந்தாரல்லர். ஊர்தோறும் தேங்கிய நீரைத் தேடி அகற்றுங் கொசுப்படைகளை அமைக்கும் வகையை 1902-ல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரில் அம்முறையைத் தாமே நடத்தியும் பார்த்தார். கொசுவனைத்தையும் ஒழிக்கவேண்டுவதில்லை, ஓரளவுக்குக் கீழ்க் குறைப்பினே நோய் தானே தேயும் என்பதைக் கணிதத்தாற் காட்டியது இவர்தம் பெருஞ்செயல்களுள் ஒன்றென்போம். 1932 செப்டம்பர் 16-ந் தேதி லண்டனிற் காலமானார்.

அன்று ஓர் உதவியாளர் செய்த வேலையை இன்று பொதுமக்கள் செய்கின்றனர். ஸ்பெயின் நாட்டில் 2014 முதல், தாம் கண்ட கொசுக்களைக் கைபேசியிற் படமெடுத்து ஆராய்ச்சியாளருக்கு அனுப்பி வருகின்றனர். 2018-ல் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தினாலேயே, அந்நாட்டில் அதற்கு முன் அறியப்படாத ஜப்பானியக் கொசுவினம் அங்கே குடிபுகுந்திருத்தல் தெரியவந்தது.