அதிபருக்குக் கிடைக்காத மாத்திரை

உயர் ரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் கோடிக்கணக்கானோரில் நானும் ஒருவன். அந்த மாத்திரையின் அருமையை, அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

1882 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாகாணத்தின் ஹைட் பார்க்கில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1921-இல், 39-ஆவது வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கி அவருடைய கால்கள் செயலிழந்தன. அத்துடன் அவரது அரசியல் வாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால், 1928-இல் நியூயார்க் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1933-இல் அதிபரானார். பெரும் பொருளாதார மந்தத்திலிருந்து நாட்டை மீட்க உழைத்தார். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் நாட்டை வழிநடத்தினார். நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான்.

இந்தச் சாதனைகளுக்கிடையே ஓசையின்றி ஏறிக்கொண்டிருந்தது அவரது ரத்த அழுத்தம். 1937-இல் 162/98 ஆக இருந்தது, 1941-இல் 188/105 ஆனது. அவரது சொந்த மருத்துவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். அந்த எண்கள் அவரை அச்சுறுத்தவில்லை. வயது ஏற ஏற அழுத்தம் கூடுவது இயல்பு என்றும், குறுகிய நாளங்களின் வழியே ரத்தத்தைச் செலுத்த அது தேவை என்றும் மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது.

1944 மார்ச்சில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் அவரைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் வீங்கி, அதன் ஆற்றல் குன்றியிருந்தது. இதயத்துக்கு வலுவூட்டும் டிஜிட்டாலிஸ், உப்புக் குறைப்பு, ஓய்வு, புகைப்பதைக் குறைத்தல் ஆகியவையே அன்று அவரால் தரமுடிந்தவை. மக்களுக்கோ அதிபர் நலமாக இருப்பதாகவே தெரிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் நான்காம் முறையாக வென்றார். 1945 பிப்ரவரியில் யால்டாவில் ஸ்டாலின், சர்ச்சில் ஆகியோருடன் அமர்ந்து போருக்குப் பிந்தைய உலகைப் பற்றிப் பேசினார்.

ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியா மாகாணத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், ஓவியர் ஒருவர் தன்னை வரைந்துகொண்டிருந்தபோது கடும் தலைவலியால் நினைவிழந்தார். அழுத்தம் 300/190-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவு சில மணி நேரத்தில் அவரது உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 63. ஒரு மாதத்துக்குள் ஐரோப்பாவில் போர் முடிந்தது. அதைக் காண அவர் இல்லை.

அவர் இறந்த அதே ஜார்ஜியாவில், மூன்றே ஆண்டுகளில், இந்நோய்க்கான கதவொன்று திறந்தது. ஆகஸ்டா நகர மருத்துவக் கல்லூரியின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலின் போன்ற பொருள்கள் உடலில் ஆல்ஃபா, பீட்டா என்னும் இருவகை ஏற்பிகளின் வழியே செயல்படுகின்றன என்று 1948-இல் எழுதினார். ஆல்ஃபா ஏற்பி தூண்டப்பட்டால் ரத்த நாளம் சுருங்கும். பீட்டா ஏற்பி தூண்டப்பட்டால் இதயம் விரைந்தும் வலுவாகவும் துடிக்கும். மறு ஆண்டு, மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பிரிட்டிஷ் இதயவியல் இதழில் (British Heart Journal) விளக்கினார். ஆல்குவிஸ்டின் கருத்தைப் பற்றிக்கொண்ட ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக், பீட்டா ஏற்பியைத் தடுக்கும் புரோப்ரனலாலை உருவாக்கினார். நெஞ்சுவலிக்காக உருவான அம்மருந்து ரத்த அழுத்தத்தையும் குறைப்பது 1964-இல் தெரியவந்தது. 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பீட்டா தடுப்பான்கள் இதயத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சிறுநீரகத்தில் சுரப்பதையும் குறைக்கின்றன. பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான்கள் நாளங்களைத் தளர்த்துகின்றன. இரண்டையும் தடுக்கும் லேபட்டலால் கர்ப்பிணிகளுக்குத் தரப்படுகிறது. வேறு நோயில்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பிற வகை மருந்துகளே முதலில் தரப்படுகின்றன. ஆனால் நெஞ்சுவலி, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு பீட்டா தடுப்பான்கள் இன்றும் இன்றியமையாதவை. இன்று ரூஸ்வெல்ட் மருத்துவரிடம் வந்தால், அவரது மருந்துச் சீட்டில் அவற்றுள் ஒன்றும் இடம்பெறும் என்றே கருதுகிறேன்.

எச்சரிக்கையும் தேவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பீட்டா தடுப்பான்கள் தீங்கு செய்யக்கூடும்; அவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ நேரலாம். ஆல்ஃபா தடுப்பானின் முதல் வேளைக்குப் பின் சட்டென எழுந்தால் மயக்கம் வரலாம். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும்படியே நடக்கவேண்டும்.

உலகின் மிக வலிமை வாய்ந்த மனிதருக்குக் கிடைக்காத மருந்து இன்று மிகச் சாதாரணர்க்கும் சில ரூபாயில் கிடைக்கிறது. ஆயினும், நம்மில் பலர் அழுத்தத்தை அளந்து பார்ப்பதே இல்லை. அளந்தவர்களிலும் பலர், உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரூஸ்வெல்ட்டின் எண்கள் ஆண்டுக்கணக்கில் ஏட்டில் இருந்தன. அவற்றின் பொருளை உணர்ந்தவரும் இல்லை, உணர்ந்தபோது மருந்தும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. வீட்டில் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்ளட்டும். மருந்து தேவைப்பட்டால் தவறாமல் தொடரட்டும்.