உயிர் காத்த தோழமை

நுழையும்முன்

சாலை விபத்தில் சிக்கியவரைக் காப்பது மருத்துவரின் கடமை மட்டும் அன்று; அவரைச் சூழ்ந்து வாழும் மனிதர்களின் கடமையும் ஆகும். சோவியத் நாட்டின் இயற்பியல் அறிஞர் லெவ் லாந்தாவ் 1962ஆம் ஆண்டில் கொடிய விபத்து ஒன்றில் சிக்கினார். பிழைப்பது அரிது என்று கருதப்பட்ட அவரை, அவருடைய மாணவர்களும் நண்பர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் மருத்துவர்களோடு கைகோத்து மீட்டனர். அந்த மீட்பின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

லெவ் தாவிதோவிச் லாந்தாவ் 1908ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், காஸ்பியன் கடற்கரையில் உள்ள பாக்கூ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை எண்ணெய்த் தொழிலில் பணியாற்றிய பொறியாளர், தாய் மருத்துவர். கணக்கில் இயல்பாகவே ஈடுபாடு கொண்டிருந்த லாந்தாவ், 13 வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்தார். 1922இல் பாக்கூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. ஈராண்டுகளுக்குப்பின் லெனின்கிராடு பல்கலைக்கழகத்திற்கு மாறி, 19ஆம் வயதில் பட்டம் பெற்றார்.

அந்நாளில் அணுவின் இயல்பை விளக்கும் புதிய இயற்பியல் ஐரோப்பிய நகரங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 1929ஆம் ஆண்டில் அரசு உதவியுடன் அயல்நாடு சென்ற லாந்தாவ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளின் அறிஞர்களைக் கண்டு உரையாடினார். கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் நடத்திவந்த ஆய்வு நிறுவனம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. மூத்தவர், இளையவர் என்னும் வேறுபாடு இன்றி யாரும் யாரையும் மறுத்துப் பேசலாம் என்ற அந்நிறுவனத்தின் பண்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நீல்ஸ் போரையே தம் ஆசிரியராக அவர் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

மாணவர் படையை உருவாக்கிய ஆசான்

1932ஆம் ஆண்டில் கார்கோவ் நகரின் ஆய்வு நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியல் துறையின் தலைமைப் பொறுப்பை லாந்தாவ் ஏற்றார். அங்குதான் அவர் ஒரு தேர்வு முறையை வகுத்தார். கோட்பாட்டு இயற்பியலில் ஆய்வு செய்ய விரும்புவோர் குறைந்தது எவற்றையெல்லாம் கற்றிருக்க வேண்டும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தேர்வு நடத்தினார். கணிதத்தில் தொடங்கி இயற்பியலின் அனைத்துக் கிளைகளையும் தழுவிய கடினமான தேர்வு அது. யார் வேண்டுமானாலும் அவரை அணுகித் தேர்வெழுத விரும்புவதாகக் கூறலாம். பரிந்துரை எதுவும் வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்றவர் பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1961 வரையிலான ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அக்குறிப்பேட்டில் இடம்பெற்ற பெயர்கள் 43 மட்டுமே. அவர்களுள் ஒருவரான அலெக்சி அப்ரிகோசோவ் பின்னாளில், 2003ஆம் ஆண்டில், நோபல் பரிசு பெற்றார்.

1937இல் லாந்தாவ் மாஸ்கோ நகருக்கு இடம்பெயர்ந்து, பியோத்தர் கபிட்சா தலைமையில் இயங்கிய இயற்பியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வியாழக்கிழமைதோறும் அங்கு அவர் நடத்திய கருத்தரங்கம் புகழ்பெற்றது. தெளிவில்லாத பேச்சை அவர் பொறுக்கமாட்டார். எத்தகைய அறிஞராயினும் தவறு கண்டால் நேருக்குநேர் சுட்டிக்காட்டிவிடுவார். நாவில் கடுமை இருந்தபோதிலும் நெஞ்சில் வஞ்சம் இல்லை என்பதை மாணவர்கள் அறிந்திருந்தனர். தம் நேரத்தையும் அறிவையும் அவர்களுக்காக அவர் அளவின்றிச் செலவிட்டார். மாணவர் யெவ்கேனி லிஃப்ஷிட்ஸுடன் இணைந்து கோட்பாட்டு இயற்பியல் நூல்வரிசையையும் எழுதத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களில் இன்றும் அந்நூல்கள் பயிலப்படுகின்றன.

முதல் மீட்பு

லாந்தாவின் உயிர் பிறரால் காக்கப்பட்டது 1962இல் மட்டும் அன்று. ஸ்டாலின் ஆட்சியின் அடக்குமுறை உச்சத்தில் இருந்த 1938ஆம் ஆண்டு ஏப்ரலில், அரசுக்கு எதிரானவர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் அவர் கைது செய்யப்பட்டார். அந்நாளில் கைதானவருக்காகப் பரிந்து பேசுவதே உயிருக்கு இடர் தரும் செயலாக இருந்தது. எனினும், கபிட்சா உடனே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். டென்மார்க்கிலிருந்து நீல்ஸ் போரும் எழுதினார். ஓராண்டுச் சிறைவாழ்வில் லாந்தாவ் உடல் நலிந்து உருக்குலைந்தார். இறுதியில், அவருடைய நடத்தைக்குத் தாமே பொறுப்பு என்று கபிட்சா பிணை எழுதிக்கொடுத்ததன் பேரில் 1939 ஏப்ரலில் விடுதலை பெற்றார்.

கபிட்சா தம் ஆய்வில் கண்டறிந்த புதிர் ஒன்று அப்போது விளக்கமின்றி இருந்தது. மிகக் கடுங்குளிரில் நீர்ம ஹீலியம் சிறிதும் பாகுத்தன்மை இன்றிப் பாய்வது ஏன் என்பதே அப்புதிர். அதற்குரிய கோட்பாட்டை லாந்தாவ் 1941ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம்மைச் சிறையிலிருந்து மீட்டவரின் கண்டுபிடிப்புக்குத் தம் அறிவால் பொருள் தந்த அப்பணியே பின்னர் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது.

பனி உறைந்த சாலையில்

1962ஆம் ஆண்டு சனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோவிற்கு வடக்கே உள்ள துப்னா என்னும் அறிவியல் நகரத்திற்கு லாந்தாவ் மகிழுந்தில் புறப்பட்டார். சாலையில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்கியது. வழியில் கட்டுப்பாட்டை இழந்த மகிழுந்து சறுக்கிச் சென்று, எதிரே வந்த சரக்குந்தின்மீது மோதியது. மோதலின் விசை முழுவதும் லாந்தாவ் அமர்ந்திருந்த பக்கத்திலேயே விழுந்தது. உடன் சென்றவர்கள் பெருங்காயமின்றித் தப்பினர்.

லாந்தாவின் மண்டையோட்டின் அடிப்பகுதி பிளந்திருந்தது. விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்திருந்தன; நுரையீரல் நசுங்கியிருந்தது. நினைவிழந்த நிலையில் மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட அவருக்கு அன்றே நாடித்துடிப்பு தளரத் தொடங்கியது. அவர் அவ்வாரத்தைக் கடப்பார் என்ற நம்பிக்கை அங்கு யாருக்கும் எளிதில் ஏற்படவில்லை. பின்வந்த நாள்களில் அவருடைய இதயம் ஒருமுறைக்கு மேல் நின்றது. ஒவ்வொரு முறையும் மருத்துவர்கள் போராடி அதனை மீண்டும் துடிக்கச் செய்தனர்.

மருத்துவமனையில் ஓர் அறிவியல் முகாம்

செய்தி கேட்ட இயற்பியலாளர்கள் அன்றே மருத்துவமனையில் திரண்டனர். முதிய அறிஞர்களும் ஆய்வு மாணவர்களும் அங்கு ஒன்றாக நின்றனர். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக வாழ்ந்தவர்களுக்கு மருத்துவம் தெரியாது. எனினும், மருத்துவர்கள் கேட்பது எதுவாயினும் அதனைக் கொண்டுவந்து சேர்ப்பது தம் பொறுப்பு என்று அவர்கள் முடிவு செய்தனர்.

ஒரு குறிப்பேடு திறக்கப்பட்டது. இரவு பகலாக யார் யார் எந்நேரம் காத்திருப்பது என்று அதில் முறை எழுதப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட இயற்பியலாளர்கள் இப்பணியில் பங்கேற்றனர். சிலர் தொலைபேசி அருகே அமர்ந்தனர். சிலர் தம் வண்டிகளுடன் விமான நிலையத்திற்கும் மருந்தகங்களுக்கும் விரைந்தனர். சிலர் அயல்நாட்டு மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்த்தனர். லாந்தாவால் தாமாக மூச்சுவிட இயலாத நிலை வந்தபோது, இளம்பிள்ளைவாத நோயாளிகளுக்குப் பயன்படும் செயற்கைச் சுவாசக் கருவியைத் தேடிக் கொண்டுவந்தவர்களும் அவர்களே.

தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே குறிப்பேட்டில் இடம் தந்தவர் லாந்தாவ். இப்புதிய குறிப்பேட்டில் இடம்பெறத் தேர்வு எதுவும் தேவைப்படவில்லை. கருத்தரங்கில் அவரிடம் கடிந்துரை பெற்றவர்களும் தம் முறைக்காக நள்ளிரவில் வந்து அமர்ந்தனர். இயந்திரங்களோடும் மருந்துகளோடும் இம்மனிதர்களின் உழைப்பும் சேர்ந்தே மருத்துவர்களின் கைகளுக்கு வலிமை தந்தது.

எல்லை கடந்த உதவி

தலையில் பட்ட அடியால் மூளையில் வீக்கம் பெருகிவந்தது. அதனைக் குறைக்க, ஊசிவழிச் செலுத்தத்தக்க தூய யூரியா மருந்து உடனே தேவைப்பட்டது. கபிட்சா இலண்டன், பாரிஸ், கோபன்ஹேகன் ஆகிய நகரங்களிலிருந்த அறிஞர்களுக்குத் தந்தி அனுப்பினார். அது வல்லரசுகளுக்கு இடையே பனிப்போர் முற்றியிருந்த காலம். பெர்லின் நகரின் குறுக்கே மதில் எழுப்பப்பட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஆயினும், தந்தி கிடைத்தவர் யாரும் தயங்கவில்லை.

லாந்தாவின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டுவந்த இலண்டன் பதிப்பாளர் இராபர்ட் மாக்ஸ்வெல் மருந்தைத் திரட்டி அனுப்ப முன்வந்தார். அவருடைய மகனும் சில நாள்களுக்கு முன்புதான் சாலை விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்தார். தம் துயருக்கு நடுவிலும் அவர் பிறிதோர் உயிருக்காக ஓடினார். மாஸ்கோ செல்லவிருந்த விமானம் அம்மருந்துப் பொதிக்காகக் காத்திருந்து புறப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் மருந்துகள் வந்து சேர்ந்தன. பிராகு, பாரிஸ், மாண்ட்ரியல் நகரங்களிலிருந்து மூளை மருத்துவ வல்லுநர்களும் வந்தனர்.

1934ஆம் ஆண்டிற்குப்பின் லாந்தாவ் சோவியத் நாட்டின் எல்லையைத் தாண்டியதில்லை. அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டிராத பலர், அவர் எழுதிய பக்கங்களின் வழியாகவே அவரை அறிந்து உதவிக்கு வந்தனர்.

கண்கள் பேசிய காலை

விபத்து நிகழ்ந்து ஆறு வாரங்கள் கடந்தன. லாந்தாவ் கண் திறந்திருந்தபோதும் அவரிடம் நினைவின் அறிகுறி இல்லை. அந்நிலையில் கனடா நாட்டின் புகழ்பெற்ற மூளை அறுவை வல்லுநர் வைல்டர் பென்ஃபீல்ட் மாஸ்கோ வந்தார். நோயாளியை ஆராய்ந்த அவர், பாதிப்பை அறிவதற்காகச் சிறிய அறுவை ஒன்றைச் செய்யலாம் என்று கருதினார்.

மறுநாள் காலை, லாந்தாவின் மனைவி கோரா கட்டிலருகே அமர்ந்து, செய்யவிருக்கும் அறுவையைப் பற்றிக் கணவருக்கு எடுத்துக் கூறிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பென்ஃபீல்ட் ஒரு மாற்றத்தைக் கண்டார். முதல்நாள் ஆளுக்கொரு திசையில் விலகியிருந்த விழிகள் இரண்டும் இப்போது மனைவியின் முகத்தில் ஒன்றாக நிலைத்திருந்தன. கோரா பேச்சை முடித்ததும் அவ்விழிகள் மெல்ல உயர்ந்து மருத்துவரை நோக்கின. மருத்துவர் தலையை இடமும் வலமும் அசைத்தபோது அவையும் தொடர்ந்தன. உடலில் அசைவில்லை; நாவில் சொல்லில்லை; ஆனால், உணர்வு திரும்பிவிட்டது. அறுவைக்குத் தேவையே இல்லாமற்போயிற்று.

வசந்த காலத்தில் லாந்தாவ் பேசத் தொடங்கினார். இளமையில் கற்ற மொழிகளும் கவிதைகளும் நினைவுக்கு வந்தன. மெல்ல மெல்ல நடக்கவும் பழகினார்.

படுக்கை தேடி வந்த பரிசு

1962 நவம்பர் முதல் நாள், அவ்வாண்டின் இயற்பியல் நோபல் பரிசு லாந்தாவுக்கு அறிவிக்கப்பட்டது. கியூபா நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்புவரை சென்று மீண்ட சில நாள்களுக்குள் வெளியான அறிவிப்பு அது. ஸ்டாக்ஹோம் செல்ல அவருக்கு உடல்நிலை இடந்தரவில்லை. எனவே, டிசம்பர் 10ஆம் நாள் சுவீடன் நாட்டுத் தூதர் மாஸ்கோ மருத்துவமனைக்கே வந்து பரிசை வழங்கினார். அவருடைய நூல்வரிசைக்காக லெனின் பரிசும் அதே ஆண்டில் அவருக்கும் லிஃப்ஷிட்ஸுக்கும் அளிக்கப்பட்டது.

மீண்டதும் மீளாததும்

லாந்தாவ் 1964ஆம் ஆண்டில் வீடு திரும்பினார். ஆயினும், முன்னைய லாந்தாவாக அவர் திரும்பவில்லை. பழைய நினைவுகள் தெளிவாக இருந்தபோதும் அண்மை நிகழ்வுகள் நினைவில் தங்கவில்லை. வலி அவரை இடைவிடாது வருத்தியது. கடினமான கணக்குகளை நொடியில் ஊடுருவிய அறிவாற்றல் மீளவே இல்லை. விபத்துக்குப்பின் அவர் புதிய ஆய்வு எதனையும் படைக்கவில்லை.

இவ்வுண்மை அவரைக் காத்தவர்களுக்குப் பெருந்துயர் அளித்தது. எனினும், அவர்கள் இரவுகளில் விழித்திருந்தது இன்னொரு கோட்பாட்டைப் பெறுவதற்காக அன்று. தம்மோடு வாழ்ந்த மனிதர் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே. அவர்கள் உழைப்பால் அவருக்கு மேலும் ஆறாண்டுகள் கிடைத்தன. அவருடைய மகன் இகோர், பள்ளிப் பருவத்தில் இழக்கவிருந்த தந்தையை இளைஞராகும்வரை பெற்றிருந்தார்.

1968ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் குடலடைப்புக்காக லாந்தாவுக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. ஏப்ரல் முதல் நாள், தம் 60ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய நூல்வரிசை நிறைவுறாமல் நின்றது. லிஃப்ஷிட்ஸும் மற்றொரு மாணவர் லெவ் பித்தாயெவ்ஸ்கியும் பிறரும் அதனைத் தொடர்ந்து எழுதினர். பத்தாம் தொகுதி 1979இல் வெளிவந்தது. ஆசிரியரின் உயிரைக் காக்க ஒன்றுகூடிய தோழமை, அவர் விட்டுச்சென்ற பணியையும் முடித்துவைத்தது.

தெரிந்து தெளிவோம்

ஹீலியம் வளிமம் ஏறத்தாழ −269 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நீர்மமாகிறது. −271 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால் அது பாகுத்தன்மையை இழந்து, மிக நுண்ணிய துளைகள் வழியாகவும் தடையின்றிப் பாய்கிறது; கலத்தின் சுவரில் மெல்லிய படலமாக ஏறி வெளியே வழிகிறது. இவ்வியல்பு மீப்பாய்மை எனப்படும்.

கற்பவை கற்றபின்

1. விபத்தில் சிக்கியவர் மீண்டு இயல்பு வாழ்வுக்குத் திரும்பும்வரை நண்பர்களும் அண்டை வீட்டாரும் செய்யக்கூடிய உதவிகளைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. லாந்தாவின் இரு குறிப்பேடுகளையும் ஒப்பிட்டு, அவை உணர்த்தும் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.