பெயரை மறைத்த மேதை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. ஆயிரம் ஏக்கர் வயலுக்கு? நாலு பாத்தி விளைச்சலைப் பார்த்து, இந்த விதைதான் நல்லது என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்?

இதற்குக் கணக்குக் கண்டுபிடித்தவர் ஓர் இங்கிலாந்துக்காரர். பெயர் வில்லியம் சீலி காசெட். ஆனால் அந்தப் பெயரில் அவர் அதை வெளியிடவில்லை. வெளியிட அவருக்கு அனுமதி இல்லை!

பீர் ஆலையில் வேலை

காசெட் 1876-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி கான்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. காசெட் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் ரசாயனமும் படித்தார்.

1899-ல் அயர்லாந்துக்குப் போனார். அங்கே டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் உத்தியோகம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23. உலக சாதனைகளைத் தொகுத்து 1955-ல் முதன்முதலாகப் புத்தகம் வெளியிட்டதும் இதே கின்னஸ் கம்பெனிதான்.

பீருக்கு முக்கியம் பார்லி. எந்த பார்லி நல்ல பார்லி என்று கண்டறிய வேண்டும். சோதனை செய்யப் பணமும் நாளும் செலவாகும். ஆகவே நாலைந்து சோதனைகளுக்கு மேல் செய்ய முடியாது. அந்தக் காலத்துக் கணித நிபுணர்களோ, நூற்றுக்கணக்கில் எண்கள் இருந்தால்தான் கணக்குப் போடுவார்கள்.

3,000 அட்டைகள்

கம்பெனி அவரை 1906-ல் லண்டனுக்கு அனுப்பியது. கார்ல் பியர்சன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் சுமார் ஓராண்டு இருந்து ஆராய்ச்சி செய்தார்.

அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. காசெட் ஒரு யுக்தி செய்தார். 3,000 கைதிகளின் உயரமும் விரல் நீளமும் அளந்து எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. அந்த அளவுகளை 3,000 அட்டைகளில் எழுதினார். சீட்டுக் கட்டைப் போல நன்றாகக் கலைத்தார். நாலு நாலு அட்டைகளாக 750 கூறு போட்டார். ஒவ்வொரு கூறிலும் சராசரி எவ்வளவு தவறுகிறது என்று பார்த்தார். தாம் போட்ட கணக்கு சரி என்று கண்டார்.

பெயர் ஏன் மறைந்தது?

கண்டதை உலகுக்குச் சொல்ல விரும்பினார். கம்பெனி யோசித்தது. கின்னஸ் ஆலையில் இப்படி ஒரு கணக்கு நிபுணர் இருப்பது தெரிந்தால், போட்டி ஆலைகளும் அதே வழியில் இறங்கிவிடுமே! தொழில் ரகசியம் வெளியே போய்விடுமே!

எழுதலாம், ஆனால் சொந்தப் பெயர் கூடாது என்று கூறிவிட்டது. காசெட் சம்மதித்தார். "ஸ்டூடண்ட்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். மாணவன் என்று பொருள். 1908-ல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அந்தப் பெயரில் வெளிவந்தது. பிற்பாடு அதே ஆலையில் வேறு சில ஊழியர்களும் புனைபெயரில் எழுதினார்கள்.

முதலில் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ரொனால்டு பிஷர் என்ற இளைஞர்தான் அதன் அருமையை உணர்ந்தார். 1925-ல் அவர் எழுதிய புத்தகத்தின் மூலம் அது எங்கும் பரவியது.

காசெட் உத்தியோகத்தை விடவில்லை. தோட்டம் போட்டார். தச்சு வேலை செய்தார். படகு கட்டினார். 1935-ல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய கின்னஸ் ஆலைக்கு மாற்றலாகி வந்தார். 1937-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி காலமானார். வயது 61.

இன்று புது மருந்து பலன் தருகிறதா, புது விதை விளைகிறதா என்று பார்க்க "ஸ்டூடண்ட் சோதனை" என்ற இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். கல்லூரிகளில் அது பாடம். கம்பெனியின் ரகசியத்துக்காக வைத்த பெயரே கணக்கின் பெயராக நிலைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் பின்னால் போய்விட்டது. ஆனால் உழைப்பு வீண் போகவில்லை.