ஒளிக்குக் காத்திருந்தவர்

நுழையும்முன்

மட்டாஞ்சேரியில் வளரும் மாணவர்களுக்குக் குஜராத்தி வீதி புதிதன்று. கடல் வாணிகத்தின் பொருட்டுக் கச்சு, சௌராட்டிரப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் அங்குப் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அச்சௌராட்டிர மண்ணைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் தோன்றிய கனு காந்தியின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது. காந்தியடிகளின் இறுதிப் பத்தாண்டுகளை நாம் இன்று கண்ணால் காண முடிவதற்கு இவர் எடுத்த படங்களும் ஒரு காரணம்.

இளமை

கனு காந்தி 1917ஆம் ஆண்டு பிறந்தார். இவர் தந்தையார் நாரணதாஸ் காந்தி. அவர் காந்தியடிகளின் ஒன்றுவிட்ட உடன்பிறந்தாருடைய மகன். எனவே கனு, காந்தியடிகளுக்குப் பேரன் முறையினர். நாரணதாஸ் சபர்மதி ஆசிரமத்தின் நிருவாகத்தை ஏற்று நடத்தியவர். ஆதலால் நூல் நூற்றலும் கூட்டு வழிபாடும் தன் வேலையைத் தானே செய்தலும் கனுவுக்கு இளமையிலேயே பழகிப்போயின.

மருத்துவம் பயில வேண்டும் என்பது கனுவின் விருப்பம். பெற்றோரோ காந்தியடிகளுக்குத் துணையாக இருக்குமாறு அவரை அனுப்பினர். 1936ஆம் ஆண்டு காந்தியடிகள் வார்தாவுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் குடியேறினார். பின்னாளில் சேவாகிராமம் எனப் பெயர்பெற்ற அவ்வூரில் கனு கடிதப் போக்குவரத்தையும் கணக்குகளையும் கவனித்து வந்தார். அதுவரை அவர் கையில் ஒளிப்படக் கருவி இல்லை.

நூறு ரூபாயும் மூன்று விதிகளும்

ஆசிரம வாழ்வைப் படமாக்கி வைக்குமாறு கனுவை ஊக்கியவர் வினோபா பாவேயின் தம்பியாகிய சிவாஜி பாவே. கனு தம் விருப்பத்தைக் காந்தியடிகளிடம் தெரிவித்தார். ஆசிரமத்தில் அதற்குப் பணம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். பின்னர்த் தொழிலதிபர் கன்சியாம்தாஸ் பிர்லா நூறு ரூபாய் அன்பளிப்பாகத் தந்தார். அத்தொகையைக் கொண்டு கனு ரோலிபிளெக்ஸ் என்னும் கருவி ஒன்றையும் ஒரு படச்சுருளையும் வாங்கினார்.

காந்தியடிகள் மூன்று விதிகளை வகுத்தார். செயற்கை ஒளியாகிய பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாகாது. படத்துக்காக நிற்குமாறோ திரும்புமாறோ தம்மைக் கேட்கலாகாது. ஆசிரமப் பணத்தில் ஒரு காசும் இதற்குச் செலவிடலாகாது. கனு மூன்றையும் ஏற்றுக்கொண்டார். செய்தித்தாள்களுக்குப் படங்களை விற்றுச் சுருள் வாங்கவும் படம் கழுவவும் வேண்டிய பணத்தைத் தேடிக்கொண்டார்.

கருவியின் இயல்பு

இவ்விதிகள் எவ்வளவு கடினமானவை என்பது அக்கருவியின் இயல்பை அறிந்தால் விளங்கும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் நடத்திய நிறுவனம் 1929ஆம் ஆண்டு ரோலிபிளெக்ஸை வெளியிட்டது. அதன் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி வில்லைகள் இருக்கும். மேல் வில்லை காட்சியைக் காண்பதற்கு. கீழ் வில்லை அதனைச் சுருளில் பதிப்பதற்கு. கருவியை வயிற்றருகே தாங்கி, தலை குனிந்து, மேற்புறத்துக் கண்ணாடித் திரையை நோக்க வேண்டும். அத்திரையில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும். இடப்பக்கம் நடப்பவர் வலப்பக்கம் நடப்பதாகத் தெரிவார். காந்தியடிகளோ மிக விரைந்து நடப்பவர்.

இது நடுத்தர அளவுச் சுருள் கொண்ட கருவி. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சதுரம். சிறிய 35 மில்லிமீட்டர்ச் சுருளின் படத்தைவிட இதன் பரப்பு மும்மடங்குக்கும் மேற்பட்டது. ஆதலால் முகத்தின் சுருக்கமும் கதராடையின் இழையும் தெளிவாகப் பதியும். ஆனால் ஒரு சுருளில் 12 படங்களே எடுக்கலாம். எடுத்த படம் எப்படி அமைந்தது என்பது இருட்டறையில் சுருளைக் கழுவிய பிறகே தெரியும். சுருளுக்கான காசை வேறிடத்திலிருந்து தேடும் இளைஞருக்கு ஒரு படத்தை வீணாக்குவதும் இழப்பே.

ஒளியைப் பெறுவதோ இன்னும் அரிது. பிற்பகலில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் சுக்குக் கிடங்கு ஒன்றினுள் நின்று பாருங்கள். வாயிலருகே வெயில் கண்ணைக் கூசச் செய்யும். பத்தடி உள்ளே சென்றால் மூட்டைகளின் உருவமே மங்கும். சேவாகிராமத்து மண்குடிலின் உட்புறமும் ஏறக்குறைய அத்தகையதே. அக்காலச் சுருள்கள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. பிளாஷ் இல்லாத நிலையில் ஒளி புகும் வாயிலை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அந்நேரத்தில் கை அசைந்தால் காட்சி கலங்கும். நில்லுங்கள் என்று சொல்லவும் கனுவுக்கு உரிமையில்லை. அவரால் செய்யக்கூடியது காத்திருப்பது ஒன்றே.

அக்கருவியால் ஒரு நன்மையும் இருந்தது. அதன் ஒலி மெல்லியது. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டாதது. எனவே தொழுகின்றவரையும் எழுதுகின்றவரையும் நோயாளியருகே அமர்ந்திருப்பவரையும் அது எளிதில் இடையூறு செய்யாது.

கனு கண்ட காட்சிகள்

ஏறத்தாழ 1938 முதல் 1948 வரை காந்தியடிகளை மிக அருகிலிருந்து படமெடுக்கும் வாய்ப்பு கனுவுக்குக் கிடைத்தது. மற்ற ஒளிப்படக் கலைஞர்கள் மாநாட்டு மேடைகளில் கண்ட தலைவரை இவர் குடிலின் முற்றத்தில் கண்டார். கடும் வெயிலில் தலைமேல் தலையணையை வைத்துக்கொண்டு நிற்கும் முதியவரை இவர் படம் காட்டுகிறது. தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரிக்குக் காந்தியடிகள் தம் கையாலேயே பணிவிடை செய்வதை மற்றொரு படம் காட்டுகிறது. தொழுநோயாளரைத் தீண்டவும் மக்கள் அஞ்சிய காலம் அது. 1940இல் சாந்திநிகேதனில் காந்தியடிகளும் தாகூரும் சந்தித்ததையும் கனு பதிவு செய்தார்.

1945ஆம் ஆண்டின் இறுதியிலும் 1946ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் காந்தியடிகள் வங்காளம், அசாம், தென்னிந்தியா ஆகிய பகுதிகளில் தொடர்வண்டிப் பயணம் மேற்கொண்டார். அரிசன நிதிக்காக வண்டியின் சன்னலிலிருந்து அவர் கை நீட்டும் படம் பெரும்புகழ் பெற்றது. ஒரு நாட்டையே வழிநடத்தியவர் காசுக்காகக் கையேந்தும் காட்சி அது.

கனுவின் படங்கள் சிலவற்றில் காந்தியடிகளின் முதுகுப்புறமே தெரியும். சிலவற்றில் உருவம் சற்றே கலங்கியிருக்கும். ஆயினும் அவற்றில் எவரும் கருவிக்காக முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று விதிகளும் முதலில் தடைகளாகத் தோன்றின. பின்னர் அவையே அப்படங்களின் உண்மைக்குக் காவலாயின.

எடுக்காத படங்கள்

காந்தியடிகள் புனேயில் உள்ள ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது கஸ்தூரிபாவின் உடல்நலம் குன்றியது. அவருக்குப் பணிவிடை செய்யக் கனுவுக்கு அனுமதி கிடைத்தது. 1944 பிப்ரவரி 22ஆம் நாள் கஸ்தூரிபா தம் கணவரின் மடியில் தலைசாய்த்து இறுதி மூச்சை விட்டார். அந்நேரத்தைப் படமெடுக்க வேண்டாம் என்று காந்தியடிகள் கனுவைத் தடுத்தார். கனுவும் அதற்கு இணங்கினார். நாட்டு மக்கள் காண விரும்பக்கூடிய படந்தான் அது. ஆயினும் ஒரு குடும்பத்தின் துயரம் அக்குடும்பத்துக்கே உரியது.

அதே ஆண்டில் கனு ஆபா சட்டர்ஜியை மணந்தார். 1946இல் வங்காளத்தின் நவகாளிப் பகுதியில் வகுப்புக் கலவரம் மூண்டது. காந்தியடிகள் அங்குச் சென்று, அச்சத்தைப் போக்கும் பணிக்காகத் தம் தொண்டர்களைத் தனித்தனிச் சிற்றூர்களில் இருத்தினார். கனுவும் அவர்களுள் ஒருவர். காந்தியடிகள் அங்கிருந்து புறப்பட்ட பின்னும் கனுவின் பணி நவகாளியில் தொடர்ந்தது.

1948 சனவரி 30ஆம் நாள் தில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் வழிபாட்டுக்கு நடந்து சென்றார். அவருக்கு ஒருபுறம் ஆபாவும் மறுபுறம் மனுவும் துணையாக வந்தனர். அப்போதுதான் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டுக் காலம் அவரைப் பின்தொடர்ந்த கருவி அன்று அருகில் இல்லை. கனு தொலைவில், அவர் ஒப்படைத்த பணியில் இருந்தார்.

பிற்கால வாழ்வு

பின்னாளில் கனுவும் ஆபாவும் ராஜ்கோட் பகுதியில் தங்கித் தொண்டு செய்தனர். தம் படங்களைக் காட்டிப் பெரும்புகழ் தேடிக்கொள்ள அவர் முற்படவில்லை. 1986ஆம் ஆண்டு, யாத்திரை சென்றிருந்தபோது, கனு இயற்கை எய்தினார். 2015இல் தில்லியைச் சேர்ந்த நஸர் அறக்கட்டளை அவருடைய படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அதன்பின்னர் அவர் பெயரைப் பலரும் அறிந்தனர்.

இன்று ஒரே நிமிடத்தில் நூறு படங்களை எடுத்துவிடலாம், வேண்டாதவற்றை அழித்தும்விடலாம். எனினும் எதிரே இருப்பவரின் நிலையை எண்ணிப் பார்த்து, எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் கருவியை ஏந்தியவரே. அம்முடிவைக் கனு காந்தி ஒவ்வொரு முறையும் பொறுமையுடன் எடுத்தார்.

சொற்பொருள்

வில்லை – ஒளியைக் குவிக்கும் வளைந்த கண்ணாடி
இடையூறு – தடை, தொல்லை
பணிவிடை – தொண்டு
இயற்கை எய்துதல் – காலமாதல்

சிந்தித்து விடை எழுதுக

1. காந்தியடிகள் வகுத்த மூன்று விதிகள் யாவை? அவற்றுள் கனுவுக்கு மிகக் கடினமானது எது என்று கருதுகிறீர்கள்? காரணம் தருக.
2. ஒரு சுருளில் 12 படங்களே எடுக்க முடியும் என்பது படமெடுப்பவரின் பழக்கத்தை எவ்வாறு மாற்றும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வேலை செய்யும் இடத்தில் 12 படங்கள் மட்டும் எடுக்கலாம் எனில், எவற்றை எடுப்பீர்கள்? எதை எடுக்காமல் விடுவீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.